முதல் அழுத்திலேயே கிளம்பிய டிராக்டர்

ஓர் இயந்திரத்தை இயக்குகிறவர், அதை நிறுத்தக்கூடிய இடத்தில் இருந்துகொண்டுதான் இயக்க வேண்டும். ஆவடியில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில், அவருடைய பிரிவின் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்த விதி இது. நான் அந்தச் சுவரைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் வரவில்லை. குவார்ட்டர்ஸ் வீட்டில் அம்மா மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைக்கப் போனால்கூட அப்பா கூடத்திலிருந்தபடியே அதை ஒப்பிப்பார். "ஸ்டவ்வு எங்க ஓடிப்போவப் போவுது" என்பாள் அம்மா. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். அம்மா பிறந்து வளர்ந்ததே இந்தப் பக்கம்தான்.

பிற்பாடு நானும் அரசாங்க வேலைக்குப் போய், ஓய்வு பெறும்வரை விதிகளைக்கொண்டே சோறு தின்றவள். அதில் நான் கண்டது ஒன்றுதான். ஒரு விதி மீறப்படும் இடத்தில், அதை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒருவர் பெரும்பாலும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். இதை நான் முதன்முதலில் பார்த்தது பத்து வயதில், கோவில்பதாகையில், மாமாவின் டிராக்டருக்கு முன்னால்.

மாமா அம்மாவின் தம்பி. தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தவர், சங்கு ஊதினால் உள்ளே போவதும் சங்கு ஊதினால் வெளியே வருவதும் தனக்கு ஒத்துவராது என்று நின்றுவிட்டார். அந்தக் காலத்து ஆவடியில் மாப்பிள்ளைகள் இரண்டே வகை: தொழிற்சாலையில் இருப்பவர்கள், இல்லாதவர்கள். இரண்டாம் வகைக்குப் பெண் கொடுக்கப் பெற்றவர்கள் தயங்கினார்கள். மாமாவுக்கு முப்பது தாண்டியது. பேசிய இடங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. ஏரிக்குக் கீழே குத்தகைக்கு எடுத்த கொஞ்சம் நிலமும், யாரோ ஒரு பண்ணைக்காரர் ஏலத்தில் தள்ளிவிட்ட ஒரு பழைய சிவப்பு டிராக்டரும்தான் அவர் பெயரைச் சொல்ல இருந்தவை. அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று சொல்லும் தகடு எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது.

கடைசியில் கரையான்சாவடியில் ஒரு குடும்பம் இறங்கி வந்தது. பெண்ணின் அப்பா மெயின் ரோட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். மண்வெட்டி, கடப்பாரை, கொழு என்று விற்கிறவருக்கு விவசாயம் கௌரவக் குறைவாகத் தெரியவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "வேல இல்லாக்காட்டி இன்னா, அதான் டிராக்டரு கீதே. ஆனா அது ஓடுதா?"

ஓடும் என்று அம்மா சொல்லிவிட்டாள். பொய்யில்லை. ஓடும், கிளம்பாதுதான்.

கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக முடிவாயிற்று. பெண்ணின் அப்பாவும், அவருடைய அக்காவும் வருவார்கள். அந்த அக்கா வாய் திறந்து சொன்னால்தான் அந்தக் குடும்பத்தில் எதுவும் நடக்கும் என்று தரகர் எச்சரித்திருந்தார். இந்த இடமும் போனால் இனிமேல் தன்னிடம் கேட்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

டிராக்டரைக் கிளப்ப மாமாவிடம் பல வழிகள் இருந்தன. வென்னீர் காய்ச்சி இன்ஜின் தலையில் ஊற்றுவார். டீசலில் நனைத்த சாக்கைக் கொளுத்தி, இன்ஜின் காற்று இழுக்கும் குழாயின் வாயருகே பிடிப்பார். கற்பூரம் காட்டுவார். எதற்கும் மசியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் உழவு மாடுகளைப் பூட்டி இழுக்க வைப்பார். மாடுகள் இழுக்க, டிராக்டர் இருமிக்கொண்டே உயிர் பெறும். மாட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் ஊர் கேட்கச் சொல்வார்: "ஏர் ஓட்டறதுக்கு டிராக்டரு, டிராக்டரு ஓட்டறதுக்கு மாடு. நல்லா கீது நைனா உன் விவசாயம்."

பெண் வீட்டார் முன்னால் மாடு பூட்ட முடியாது. ஆகவே முந்தைய ஞாயிறு மாமா அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா ஒரு கித்தான் பையில் ஸ்பேனர்களையும் என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.

அப்பா வண்டியைத் தொடவில்லை. முதலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து விசாரணை நடத்தினார். எப்போதெல்லாம் கிளம்புகிறது, எப்போதெல்லாம் இல்லை, புகை வருகிறதா, என்ன நிறம்.

"சில நாளு பட்டன அமுக்கினா சுத்துது மச்சான். வெள்ளையா பொகை உடுது, ஆனா புடிக்க மாட்டேங்குது. சில நாளு ஒரு சத்தமே கெடையாது. செத்த பொணம் மாதிரி கெடக்குது."

"அப்பம் ரெண்டு கோளாறு மாப்ளே. ஒண்ணா நெனச்சு வைத்தியம் பாத்திருக்கீரு" என்றார் அப்பா.

முதல் கோளாறு காற்று. டாங்கிலிருந்து வரும் டீசல் குழாயின் இணைப்பில் வாஷர் வெடித்திருந்தது. அதன் வழியே காற்று புகுந்து, டீசலுக்குப் பதிலாகக் குமிழிகள் பம்புக்குப் போய்க்கொண்டிருந்தன. அப்பா புது வாஷர் போட்டு, வடிகட்டியைக் கழுவி, அதன் திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருந்தார். நுரையாக வந்த டீசல் மெல்லத் தெளிந்து, கம்பி போல ஒழுகியதும் திருகாணியை இறுக்கினார். மாமா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். இத்தனை நாள் வென்னீர் காய்ச்சியதற்கு அவர் முகத்தில் ஒரு வருத்தம் தெரிந்தது.

இரண்டாவது கோளாறு அந்தப் பிணம் போலக் கிடத்தல். அப்பா பாட்டரியைப் பார்த்தார், நன்றாக இருந்தது. ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயர் கட்டி, பாட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் வரை ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போனார். கியர் கம்பிக்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. அதற்கு முன்னால் பல்பு எரிந்தது. அதற்குப் பின்னால் எரியவில்லை. திரும்பவும் பார்த்தார். எரியவில்லை. ஸ்விட்ச் பழுது என்று அறிவித்தார். அதைக் கழற்றி எறியாமல், இரண்டு ஒயரையும் நேராக முறுக்கிச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றினார். சோதனை முறைப்படி நடந்தது. தவறான முடிவும் முறைப்படியே கிடைத்தது.

மாமா மேலே ஏறி, பழக்க தோஷத்தில் கிளட்ச்சை ஓங்கி மிதித்துக்கொண்டு, பட்டனை அழுத்தினார். ஒரே அழுத்து. டிராக்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. மாட்டுக்காரர் வேலி மேல் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். ஒரு நிமிடம் கழித்துத்தான் மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, எப்போதும் செய்வது போல, கியரைப் போட்டுக் கிளட்ச்சை விட்டு, பிரேக்கை மிதித்து, இன்ஜினை மூச்சுத் திணறவைத்து நிறுத்தினார். இன்ஜினை அணைக்க இழுக்கும் குமிழின் கம்பி அறுந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சாவியைத் திருப்பினாலும் டீசல் வண்டி நிற்காது. மாமா நிறுத்தும் முறை அதுதான். நிறுத்தியபின் வண்டி கியரிலேயே கிடக்கும். கைப்பிரேக் பிடிக்காததால் அதுவும் ஒரு பாதுகாப்பு என்பது அவர் எண்ணம். கூடவே சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்.

அறுந்த கம்பியை அப்பா பார்த்தார். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். கிளம்பவில்லை என்பதுதான் புகார். நிற்கவில்லை என்று யாரும் புகார் தரவில்லை.

அந்த ஞாயிறு வந்தது. டிராக்டர் களத்தில் நின்றது, பின்னால் கலப்பைக் கொழுக்கள் மாட்டி, கழுவி, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலையோடு. மாமாவும் ஏறக்குறைய அதே அலங்காரத்தில் புது வேட்டியில் இருந்தார். பெண்ணின் அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. அவருடைய அக்காவுக்குக் களத்தின் மறுகோடியில் வேப்பமரத்தடியில் இரும்பு நாற்காலி போட்டிருந்தது. வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா கொடுத்த காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. புது வண்டிக்குச் செய்வது போலச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்றாள். நல்ல காரியம் பேச வந்திருக்கிறார்கள் அல்லவா. கல் இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம் உட்கார முடியாது. ஆகவே கல்லை உருட்டி அப்பால் தள்ளிவிட்டு, நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் பழத்தை வைத்தாள். கியரில் கிடந்ததால் வண்டி அசையாமல் நின்றது. யாரும் எதையும் கவனிக்கவில்லை. கவனிப்பதையே தொழிலாகக்கொண்ட அப்பா, அந்த நேரத்தில் பெண்ணின் அப்பாவுக்கு டீசல் குழாயில் காற்று புகுவதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப பட்டன அமுக்கினா கெளம்பிடும்ன்றீங்க" என்றார் பெண்ணின் அப்பா.

"குழந்தை அமுக்கினாலும் கெளம்பும். நீங்களே அமுக்கிப் பாருங்க சார். பெரியவங்க கையால நடக்கட்டும்" என்றார் அப்பா.

விளக்கேற்றுவதற்கும் ரிப்பன் வெட்டுவதற்கும் பெரியவர்களை அழைப்பது போல அழைத்துவிட்டார். வேட்டி கட்டிய மனிதரை மேலே ஏறச் சொல்வது மரியாதையில்லை என்று, தரையில் நின்றபடியே எட்டி அழுத்தும்படி பட்டனையும் காட்டினார். அது முன்சக்கரத்துக்கும் ஆளுயரப் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் இடம். சிவப்பு எழுத்து விதியைப் பல்துலக்கும்போதுகூடச் சொல்லக்கூடிய அப்பா இரண்டு அடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகமாக நின்றார்.

பெண்ணின் அப்பா துண்டைச் சரிசெய்துகொண்டு பட்டனை அழுத்தினார்.

டிராக்டர் கிளம்பியது. கிளம்பியது என்றால், இன்ஜின் உறுமிய அதே நொடியில் வண்டி முன்னால் பாய்ந்தது. எலுமிச்சம்பழங்கள் சாஸ்திரப்படி நசுங்கின. எனக்கு ஞாபகம் இருப்பது சத்தமில்லை, அந்தப் பின்சக்கரம். அது பெண்ணின் அப்பாவின் இடுப்பை நோக்கி உருண்டதை நான் பார்த்தேன். அவர் நகரவில்லை. பட்டனிலிருந்து எடுத்த விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது. ஒரு மனிதர் தன் மேல் வரும் ஒன்றை, வேறு யார் மேலோ வருவதைப் போலப் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாமா வண்டியின் மறுபக்கத்தில், படிக்கு ஓர் அடி தூரத்தில் நின்றிருந்தார். ஒரு தாவு தாவி மேலே ஏறிக் கிளட்ச்சை மிதித்திருக்கலாம். அவரோ வண்டியின் மூக்குக்கு முன்னால் குறுக்கே புகுந்து, தன் வருங்கால மாமனாரின் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து, முழுப் பலத்தோடு தள்ளினார். அந்த மனிதர் களத்தின் ஓரத்து வாய்க்கால் சேற்றில் மல்லாந்து விழுந்தார். மாமாவும் கால் தடுக்கிக் கீழே விழுந்தார். பின்சக்கரம் இருவரின் பாதங்களுக்குப் பக்கத்தில் கடந்து போனது.

இப்போது வண்டியில் ஆளில்லை. அது வேகமாக ஓடியிருந்தால் எல்லோரும் கத்திக்கொண்டு ஓடியிருப்போம். அது நடந்தது. மாலை போட்டுக்கொண்டு, சந்தனம் குங்குமத்தோடு, எங்கேயோ அழைத்த இடத்துக்குப் போவது போல, நேராக வேப்பமரத்தடி நாற்காலியை நோக்கி நடந்தது.

"சாவிய புடுங்கு, சாவிய புடுங்கு" என்று மாட்டுக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பயனில்லாத யோசனை என்பதை அப்பா அறிவார். பயனுள்ள யோசனை எதுவும் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. கட்டிய கையை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை. அம்மாவின் வாய் திறந்திருந்தது. நாற்காலியில் இருந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. டம்ளரை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

மாமா எழுந்து ஓடினார். பின்னாலிருந்து ஏறக் கொழுக்கள் விடாது. சக்கரங்களுக்கு நடுவே புகுந்து ஏற நேரமில்லை. அவர் வண்டியைத் தாண்டி முன்னால் ஓடி, பக்கவாட்டில் கூடவே ஓடிக்கொண்டு, இடுப்பிலிருந்த புது வேட்டியை ஒரே இழுப்பில் உருவினார். அதைச் சுருட்டி, பானட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த காற்றுக் குழாயின் வாயில் அடைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ காலை நேரங்களில் கொளுத்திய சாக்கைக் காட்டிய குழாய் அது. இன்ஜின் எங்கே மூச்சு விடுகிறது என்று அவருக்குத் தெரியும். அது வேட்டியைப் பாதிவரை விழுங்கியது. இருமியது. உடம்பெல்லாம் ஒருமுறை குலுங்கி, நின்றது.

முன்சக்கரம் அந்த அம்மாளின் பாதத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் இருந்தது. மாலையிலிருந்து ஒரு சாமந்திப் பூ அவர் மடியில் விழுந்தது. மாமா கோடு போட்ட அண்டர்வேரோடு, ஒரு கை குழாய் மேலும் ஒரு கை முழங்கால் மேலுமாக மூச்சு வாங்கிக்கொண்டு அவர் எதிரில் நின்றார்.

அந்த அம்மாள் அன்று முதன்முதலாகப் பேசினார். "மொதல்ல ஒரு துண்டையாச்சும் கட்டு நைனா."

பெண்ணின் அப்பா தலையிலிருந்து கால்வரை சேறாக எழுந்து வந்தார். அம்மா தண்ணீர் கொண்டு ஓடினாள். அவர் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டார். மாமா துண்டைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்க முயன்றார். அவர் வேறு பக்கம் பார்த்தார். காபி குடிக்கவில்லை. போகும்போது, "ஊட்டுக்குப் போயி பதில் சொல்றோம்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போன எந்தப் பெண் வீட்டாரும் மாமாவுக்குப் பதில் சொன்னதில்லை என்பது எனக்கே தெரியும்.

அவர்கள் போனபிறகு அப்பா பல்பை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். டேப்பைப் பிரித்து, அந்தச் சின்ன ஸ்விட்ச்சில் ஒயரை மறுபடி கோத்தார். கியரைப் போட்டார், பல்பு அணைந்தது. கியரை எடுத்தார், எரிந்தது. போட்டார், எடுத்தார். நெடுநேரம் இதையே செய்துகொண்டிருந்தார். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்தேன். வண்டி கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகக்கூடாது என்பதற்காகவே வைத்த ஸ்விட்ச் அது. மாமா கியரில் நிறுத்திவிட்டுப் போன நாட்களிலெல்லாம் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் பழுதில்லாமல் இருந்தது அது ஒன்றுதான்.

"ஸ்விட்ச் நல்லாத்தான் இருந்திருக்கு மாப்ளே" என்றார் அப்பா கடைசியில்.

மாமா களத்தில் குந்தியிருந்தார். எண்ணெயும் கரியுமாகக் கிழிந்த வேட்டி மடியில் கிடந்தது. "உடுங்க மச்சான்" என்றார். "அது நல்லா இருந்து இன்னா."

மார்கழி பிறந்தது. கரையான்சாவடியிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. மார்கழியில் யார் கல்யாணப் பேச்சு பேசுவார்கள் என்று அம்மா தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். தரகர் வழியில் எதிர்ப்பட்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். மாமா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அப்பா ஸ்டவ்வுக்கு விதி சொல்வதை நிறுத்திவிட்டார். ஒருநாள் காலை அம்மா தீக்குச்சியோடு கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "இன்னா, இன்னிக்கும் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டாள். அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு வெளியே போய்விட்டார். இந்த இடமும் போய்விட்டது, அதைப் போக்கியது தான்தான் என்பது அவர் நடையிலேயே இருந்தது.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், உறவுக்காரர்களைப் பார்க்கப் போகிற வழக்கப்படி, மாமாவைப் பார்க்க நாங்களே கோவில்பதாகைக்குப் போனோம். மத்தியானம் வாசலில் ஒரு குதிரை வண்டி நின்றது. பெண்ணின் அப்பா இறங்கினார். பின்னாலேயே அவருடைய அக்கா, பெண்ணின் அம்மா, இரண்டு கட்டுக் கரும்பு, மூடிய ஒரு பாத்திரம். டிராக்டர் நின்ற பக்கத்தை அவர் தவிர்த்து, களத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். அம்மா அவர்களைப் பார்த்த உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர்கள் இன்னும் வாயே திறக்கவில்லை.

மாமா கொல்லைப் பக்கமாக நழுவப் பார்த்தார். "எங்க போற, இங்க வந்து குந்து" என்றார் அந்த அக்கா.

சாப்பிட்டார்கள். நெல் விலை பேசினார்கள். இலையை மடித்தபிறகு பெண்ணின் அப்பா, யாரிடம் என்றில்லாமல் சொன்னார். "எங்க அக்கா அன்னிக்கே முடிவு பண்ட்டாங்க. எனுக்குத்தான் மனசு ஆறல. பொண்ணு குடுக்க வந்தவன சேத்துல தள்றதுன்னா இன்னா அர்த்தம். ஊட்டுல எம் பொண்ணு ஒரே கேள்விதான் கேட்டுகினே கீறா. 'நைனா, அவரு மொதல்ல வண்டிய புடிக்கப் போனாரா, உன்ன தள்னாரா?' நானும் யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன். என்னத்தான் தள்னாரு."

அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். மாமா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக்கு வந்த விருந்தாளியை நான் தள்ளிவிட்டிருந்தால் முதுகுத்தோல் உரிந்திருக்கும். இவரோ தள்ளப்பட்டதைச் சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடிக்கிறார். சரி, எப்போதுதான் பதிலைச் சொல்வார் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். குதிரை வண்டி கிளம்பும்வரை அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் சைக்கிளில் திரும்பும்போது அப்பாவிடம் கேட்டேன், அவர்கள் பதில் எப்போது சொல்வார்கள் என்று.

"வந்துட்டே" என்றார் அப்பா.

எப்போது வந்தது என்று கேட்டேன். அப்பா மிதிப்பதை நிறுத்தவில்லை. அலுவலகத்தில் பதிவு செய்யச் சொல்கிற குரலில் சொன்னார்.

"தை மூணு. காணும் பொங்கல்."